பள்ளிச் சுவரில் ஒரு பெட்டி

நுழையும்முன்

நாம் வாழும் ஊரின் பெயருக்குள் ஒரு பழைய பள்ளிக்கூடம் மறைந்திருக்கிறது. பள்ளிக்கு வந்த பிள்ளையின் உயிருக்குப் பள்ளி எந்த அளவிற்குப் பொறுப்பு? அதற்காகும் செலவை ஏற்கத்தான் வேண்டுமா? இக்கருத்துக் கட்டுரை ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு வாதிடுகிறது. உங்களுக்கு உடன்பாடில்லாத இடங்களைப் பென்சிலால் கோடிட்டுக்கொண்டே படியுங்கள்.

*

மாணவர்களே, திருவனந்தபுரத்தின் கிள்ளிப்பாலத்திற்கு அருகிலுள்ள நம் வலியசாலையின் பெயரைக் கேட்டவுடன் அகன்ற தெரு ஒன்றை மனத்தில் நினைத்துக்கொள்கிறோம். மலையாளத்தில் 'வலிய' என்றால் 'பெரிய' என்று பொருள். அடுத்து வரும் 'சாலை' என்னும் சொல்லில்தான் செய்தி இருக்கிறது. முற்காலத்தில் மாணவர் தங்கி, உண்டு, கல்வி கற்ற இடத்திற்கும் சாலை என்று பெயர் இருந்தது. முதலாம் இராசராச சோழனின் மெய்க்கீர்த்தியில் இடம்பெறும் காந்தளூர்ச் சாலை இப்பகுதியில்தான் இருந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இங்குள்ள மகாதேவர் கோயில் இன்றும் காந்தளூர் என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது. அம்மெய்க்கீர்த்தித் தொடரின் பொருள் யாது என்று அறிஞர்கள் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். அது வேறொரு பாடத்திற்கு உரியது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866-இல் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திவபுரத்தில் 95 மாணவர்க்கு ஒரு சாலையை அமைத்தபோது, காந்தளூர்ச் சாலையையே முன்மாதிரியாகக் கொண்டான் என்பதைச் செப்பேட்டின் வழியாக அறிகிறோம்.

அந்த 95 பேரின் உணவும் உறைவிடமும் சாலையின் பொறுப்பு. இன்றைய பள்ளி நாளொன்றுக்கு ஆறு ஏழு மணி நேரம் உங்களைத் தன் மதிலுக்குள் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து தொழில் தேடியும் பணிமாறுதல் பெற்றும் வந்த நம்மைப் போன்றவர்களுக்குப் பக்கத்துத் தெருவில் பாட்டி இல்லை. கூப்பிட்டவுடன் ஓடிவரச் சித்தப்பாவும் இல்லை. பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் அப்பா கழக்கூட்டத்திலிருந்து வரவேண்டும். அம்மா பாளையத்திலிருந்து வரவேண்டும். அவர்கள் வந்து சேரும்வரை உங்களுக்குத் தாயும் தந்தையும் பள்ளியே. ஆகவே ஒவ்வொரு பள்ளியும் ஏ.இ.டி. என்னும் உயிர்காக்கும் கருவி ஒன்றைத் தன் வளாகத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்பதும், அதை எடுத்துப் பயன்படுத்த ஆசிரியர்க்கு மட்டுமின்றி மாணவர்க்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் என் கருத்து. இக்கருத்து எனக்கு நூல்களிலிருந்து வந்ததன்று.

சுமார் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாநிலத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். பள்ளி ஆண்டு விழா. பேத்தியின் நடனத்தைக் காண்பதற்காக ஊரிலிருந்து இரயிலேறி வந்திருந்த முதியவர் ஒருவர், மடிப்புக் கலையாத வேட்டி சட்டையுடன் இரண்டாம் வரிசையில் அமர்ந்திருந்தார். தமிழ் பேசும் ஆசிரியை ஒருத்தி இருப்பதைக் கண்டு மகிழ்ந்து, எந்த ஊர், யார் பிள்ளை என்றெல்லாம் என்னிடம் விசாரித்தார். பேத்தி மேடையேற இரண்டு நிகழ்ச்சிகள் இருக்கையில் நாற்காலியிலிருந்து பக்கவாட்டில் சரிந்தார். கூட்டம் கூடியது. ஒருவர் சோடா வாங்க ஓடினார். ஒருவர் தம் சாவிக்கொத்தை அவர் கைக்குள் திணித்து விரல்களை மூடினார். இன்னொருவர் அழைப்பிதழால் விசிறினார். முகத்தில் தண்ணீர் தெளித்தவள் நான். அவர் வாய் திறந்து மூடியது. நெடிய இடைவெளி விட்டு விட்டு, விக்குவதுபோல் மூச்சை இழுத்தார். "மூச்சு வருகிறது, பயமில்லை" என்று எல்லோருக்கும் கேட்கும்படி நானே சொன்னேன். ஆம்புலன்ஸ் வருவதற்கு இருபது நிமிடங்களுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த இருபது நிமிடமும் அவர் நெஞ்சில் ஒருவர் கையும் படவில்லை. பள்ளியில் கருவியும் இல்லை. இருந்திருந்தாலும் அது எதற்கென்று எங்களில் ஒருவருக்கும் தெரிந்திராது.

மறுநாள் எல்லாரும் அதை மாரடைப்பு என்றார்கள். செய்தித்தாள்களும் இப்படித்தான் எழுதுகின்றன. தமிழாசிரியை என்ற முறையில் இச்சொற்குழப்பம் என்னை உறுத்துகிறது. சொல்லைப் பிழையாக வழங்குவதால் செய்ய வேண்டியதும் பிழையாகிவிடுகிறது. மாரடைப்பு என்பது இதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாயில் ஏற்படும் அடைப்பு. அந்நோயாளி பெரும்பாலும் நினைவோடு இருப்பார், நெஞ்சு வலிக்கிறது என்பார், வியர்த்துப்போவார். அவரைத் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இதய நிறுத்தம் என்பது வேறு. இதயத்தை முறையாக இயக்குகிற மின்னோட்டம் திடீரெனக் குலைந்து, குருதி மூளைக்குச் செல்வது நின்றுபோகிறது. சில நொடிகளில் நினைவு தப்பிவிடும். மாரடைப்பு முற்றி இதய நிறுத்தத்தில் முடிவதுண்டு. ஆயினும் அடைப்பு எதுவுமில்லாத இளம் இதயமும் நின்றுபோகலாம். பிறவியிலேயே இதயத் தசை தடித்திருப்பவர்க்கும், இதய மின்னோட்டத்தில் வெளியே தெரியாத கோளாறு உள்ளவர்க்கும் ஓடும்போதோ நீந்தும்போதோ இது நேரலாம். முழு நலத்துடன் இருக்கும் சிறுவனின் நெஞ்சில், துடிப்பின் ஒரு குறிப்பிட்ட நுண்நொடியில் கிரிக்கெட் பந்து வேகமாக மோதினாலும் நேரலாம். இவை அரிதானவை. அரிதானவை என்பதைப் பற்றிப் பின்னர்ப் பேசுவோம்.

'துடி' என்பது தமிழில் ஒரு சிறு பறையின் பெயருமாகும். ஒரே தாளத்தில் முழங்கும் பறையாக இதயத்தை நினைத்துப் பாருங்கள். நூறு பேர் நூறு தாளத்தில் அதே பறையைத் தட்டினால் ஓசை மிகும், தாளம் இராது. இதய நிறுத்தங்கள் பலவற்றில் முதலில் நிகழ்வது இதுதான். இதயம் அசையாமல் கிடப்பதில்லை, தாளமின்றி உதறிக்கொண்டிருக்கிறது. உதறும் இதயத்தால் குருதியைத் தள்ள முடியாது. நெஞ்சின் வழியே ஒரு நொடிக்கும் குறைவான நேரம் மின்சாரத்தைச் செலுத்தினால் அந்த உதறல் முழுவதும் அடங்குகிறது; அடங்கிய இதயம் தன் பழைய தாளத்தைத் தானே மீண்டும் பிடித்துக்கொள்ள வாய்ப்புக் கிடைக்கிறது. இவ்வாறு செய்யும் கருவிதான் டிஃபிப்ரிலேட்டர். தமிழில் சொல்வதானால் உதறல்நீக்கி என்று சொல்லிக்கொள்ளலாம். மருத்துவர் இல்லாத இடத்தில் எவரும் பயன்படுத்தும்படி, தானே இதயத்தின் நிலையைக் கண்டறிந்து தானே வழிசொல்லும் வகையில் செய்யப்பட்டது ஏ.இ.டி. கருவி.

இது நேற்று வந்த புதுமையன்று. 1947-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் கிளாடு பெக் என்னும் அறுவை மருத்துவர், அறுவையின்போது இதயம் உதறத் தொடங்கிய 14 வயதுச் சிறுவனின் திறந்த நெஞ்சுக்குள் மின்தகடுகளை வைத்து அவனைப் பிழைக்கவைத்தார். மனித வரலாற்றில் இம்முறையால் முதன்முதலாகப் பிழைத்தவன் பள்ளி வயதுப் பையன் என்பதை நினைவில் வையுங்கள். மருத்துவமனைக்குள் கிடந்த கருவியை வீதிக்குக் கொண்டுவந்தவர் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகர மருத்துவர் பிராங்க் பான்ட்ரிட்ஜ். 1965-இல் அவர் உருவாக்கிய கருவி ஏறத்தாழ 70 கிலோ எடை. வண்டி மின்கலங்களால் இயங்கியது. ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இந்தப் பான்ட்ரிட்ஜுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைப்பட்டு, சயாம் - பர்மா இரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டவர் அவர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மாண்ட அதே பாதை. சத்துக்குறைவால் அங்கே அவருடைய இதயமே நோயுற்றது. பிழைத்துத் திரும்பிய அவர் வாழ்நாள் முழுவதையும் இதய நோயாளிகளுக்காகச் செலவிட்டார். பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போன நம் முன்னோரின் துயரத்தோடு இந்தக் கருவியின் கதையும் ஓரிடத்தில் சந்திக்கிறது.

இப்போதைய ஏ.இ.டி. ஒரு சாப்பாட்டுப் பையின் அளவுதான் இருக்கும். மூடியைத் திறந்து பொத்தானை அழுத்தினால் பேசத் தொடங்கும். உடையை விலக்கு என்னும். ஒட்டுத்தகடுகளைப் படத்தில் காட்டியபடி ஒட்டு என்னும். ஒன்றை வலப்பக்கக் காறை எலும்பின் கீழும், மற்றொன்றை இடப்பக்க விலாவில் அக்குளுக்குக் கீழும் ஒட்ட வேண்டும். உடல் நனைந்திருந்தால் துடைத்துவிட வேண்டும். கருவி இதயத்தின் நிலையை ஆராயும். மின்னதிர்ச்சி தேவையென்று கண்டால் மட்டுமே, அனைவரும் விலகி நில்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தச் சொல்லும். தேவையில்லையெனில் நாம் எத்தனை முறை அழுத்தினாலும் மின்சாரம் பாயாது. "தெரியாமல் யாரையாவது கொன்றுவிட்டால்?" என்று என் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. விடை: அந்த முடிவைக் கருவி உங்களிடம் விடுவதில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். திரைப்படங்களில் மருத்துவத் திரையில் நேர்கோடு வந்தவுடன் மின்னதிர்ச்சி கொடுத்து நாயகனை எழுப்புவார்கள். உண்மையில் நேர்கோடு ஆகிவிட்ட இதயத்திற்கு இக்கருவி மின்னதிர்ச்சி கொடுப்பதில்லை. உதறல் இருக்கும்வரைதான் அதற்கு வேலை. உதறலும் நெடுநேரம் நீடிப்பதில்லை.

காலம் என்று சொல்ல வந்தது அதைத்தான். நெஞ்சை அழுத்துவதும் மின்னதிர்ச்சியும் இன்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடத்திற்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. கணக்கில் வல்லவர்கள் போட்டுப் பாருங்கள். பத்தாம் நிமிடத்தில் என்ன மிஞ்சும்? இப்போது மாலை ஐந்து மணிக்குக் கிள்ளிப்பாலம் சந்திப்பில் நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். சாலைச் சந்தைக்குச் சரக்கு இறக்க வந்த வண்டிகள் ஒருபுறம். தம்பானூர்ப் பேருந்துகள் மறுபுறம். ஒரு மழை பெய்தால் தம்பானூரில் தண்ணீர் எப்படி நிற்கும் என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆற்றுகால் பொங்கலன்று வலியசாலை வீதிகள் முழுக்க அடுப்புக் கற்கள்தாம். அன்று பள்ளிக்கு விடுமுறை என்பதால் அதை விட்டுவிடுவோம். வேலை நாள்களில்கூட, 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், அழைப்பை ஏற்று, புறப்பட்டு, நெரிசலைப் பிளந்து, பள்ளி வாயிலில் நுழைந்து, மாடியேறி வருவதற்கு எத்தனை நிமிடம் ஆகும்? அவரை நான் குறைசொல்லவில்லை. வெளியிலிருந்து வரும் எந்த உதவியும் அந்த முதல் நான்கைந்து நிமிடங்களுக்குள் வந்து சேராது என்பதைத்தான் சொல்கிறேன். பள்ளிக்குள்ளேயே இருப்பது மட்டுமே அந்நேரத்தில் பயன்படும்.

இனி, அரிதானது என்னும் வாதத்திற்கு வருவோம். "நூற்றுக்கணக்கான பள்ளிகளில் எங்கோ ஒன்றில், பல ஆண்டுகளுக்கு ஒருமுறை நேரக்கூடியதற்காகவா இவ்வளவு செலவு?" என்று கேட்பவர்கள் தீய எண்ணத்தில் கேட்பதில்லை. கழிப்பறைக்குக் கதவில்லாத பள்ளிகள் இருக்கும் நாட்டில் இது நியாயமான கேள்விதான். ஆனால் நம் பள்ளிகளில் சிவப்பு நிறத் தீயணைப்பான் மாட்டியிருப்பதை எண்ணிப் பாருங்கள். பள்ளி எரிவதும் அரிதுதான். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் மாண்டார்கள். அதற்குப் பின்னரே தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் இறக்கப்பட்டன. அந்நிகழ்வையொட்டித் தொடுக்கப்பட்ட வழக்கில், பள்ளிகளில் தீயணைப்புக் கருவிகள் இருக்க வேண்டும், அவற்றைப் பயன்படுத்தப் பணியாளர்க்குப் பயிற்சி தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் ஆணையிட்டது. நான் அப்போது பணியில் புதியவள். கும்பகோணச் செய்தி வந்த நாளில் எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. அரிது என்ற கணக்கை அந்த நாளுக்குப் பின் எவரும் தீயைப் பற்றிச் சொல்லத் துணியவில்லை. 94 பேர் ஒரே நாளில் போனதால் நாடு விழித்தது. இதய நிறுத்தத்தில் பிள்ளைகள் ஒவ்வொருவராக, வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு நாள்களில் போகிறார்கள். செய்தித்தாளின் உள்பக்கத்தில் நான்கு வரி வருகிறது. விதி எதுவும் மாறுவதில்லை.

மேலும், இது பிள்ளைகளுக்கு மட்டும் உரிய கருவி என்று எண்ணுவதே தவறு. பள்ளியில் பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்குத்தான் இது தேவைப்படும் வாய்ப்பு மிகுதி. ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஆசிரியர்கள், வாயிற்காவலர், பேருந்து ஓட்டுநர், பெற்றோர் கூட்டத்திற்கு வரும் தாத்தா பாட்டிகள், தேர்தல் நாளில் வாக்களிக்க வரிசையில் நிற்கும் ஊரார். பள்ளி வளாகம் ஊரின் பொது இடமும் ஆகும். பள்ளிச் சுவரிலுள்ள பெட்டி அந்தத் தெரு முழுவதற்கும் காவல்.

அதே 2004-ஆம் ஆண்டில் நிகழ்ந்த வேறு இரண்டையும் சொல்ல வேண்டும். டிசம்பர் 5 அன்று பெங்களூரில் பெடரேஷன் கோப்பை கால்பந்து இறுதி ஆட்டம். தெம்போ அணிக்காக ஆடிய பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர் பந்தை வலைக்குள் தள்ளிய அதே வேளையில் கோல்காப்பாளருடன் மோதி விழுந்தார். எழவில்லை. மருத்துவமனையில் அவர் இறந்துவிட்டதாக அறிவித்தார்கள். பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 2021 ஜூன் 12 அன்று, கோபன்ஹேகன் நகரில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் ஆட்டத்தின் நடுவே யாரும் மோதாமலே விழுந்தார். தொலைக்காட்சியில் உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. உங்களில் சிலரின் அண்ணன்மார் பார்த்திருப்பார்கள். சக வீரர்கள் அவரைச் சுற்றிச் சுவர்போல் நின்றார்கள். களத்திலேயே நெஞ்சு அழுத்தப்பட்டது, மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்டது. நினைவு திரும்பியது. மறு ஆண்டே அவர் மீண்டும் களமிறங்கினார். அவ்வாண்டின் உலகக் கோப்பையிலும் ஆடினார். இருவரையும் ஒப்பிட்டு, கருவி இருந்திருந்தால் முன்னவரும் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்லும் தகுதி எனக்கில்லை. எரிக்சனுக்கு அந்த வாய்ப்பைக் களத்தின் ஓரத்தில் ஆயத்தமாக வைத்திருந்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

இரண்டாவது நிகழ்வு ஜப்பானில். அங்கே 2004 ஜூலை மாதம் முதல், மருத்துவரல்லாத எவரும் ஏ.இ.டி. கருவியைப் பயன்படுத்தலாம் என்று அரசு இசைவளித்தது. நம் கும்பகோணம் எரிந்த அதே மாதம். அடுத்த சில ஆண்டுகளில் இரயில் நிலையம், கடைத்தெரு, பள்ளி என்று எங்கும் பெட்டிகள் வந்துவிட்டன. என்றாலும் 2011 செப்டம்பர் 29 அன்று சைதாமா நகரப் பள்ளியொன்றில், ஓட்டப் பயிற்சியை முடித்தவுடன் ஆசுகா என்னும் ஆறாம் வகுப்பு மாணவி விழுந்தாள். பள்ளியில் ஏ.இ.டி. இருந்தது. ஆசிரியர்களும் பக்கத்திலேயே இருந்தார்கள். அவள் மூச்சுவிடுவதுபோல் தோன்றியதால், மூச்சிருக்கிறது என்று முடிவுசெய்தார்கள். ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்த 11 நிமிடங்களிலும் நெஞ்சை அழுத்தவில்லை, பெட்டியைத் திறக்கவில்லை. மறுநாள் அவள் இறந்தாள்.

இச்செய்தியை முதன்முதலாகப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். விக்குவதுபோல் இடைவிட்டு இழுக்கும் அந்த மூச்சு மூச்சே அன்று. இதயம் நின்றபின் மூளையின் அடித்தண்டு அனுப்பும் கடைசி அசைவு. அதைத்தான் ஆண்டு விழாவில் நான் பார்த்தேன். "பயமில்லை" என்று அனைவரையும் கைகட்டி நிற்கவைத்தவளும் நான்தான்.

ஆசுகாவின் பெற்றோரும் அந்நகரக் கல்வி வாரியமும் சேர்ந்து, மறு ஆண்டே பள்ளிகளுக்கான ஒரு வழிகாட்டியை உருவாக்கி அதற்கு அவள் பெயரையே வைத்தார்கள். அதன் சாரம் எளியது. விழுந்தவர் கூப்பிட்டால் விழிக்கவில்லை. மூச்சு வழக்கம்போல் இருக்கிறதா இல்லையா என்று உங்களுக்கு ஐயம். ஐயம் வந்துவிட்டாலே இல்லை என்று கொண்டு நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். கருவியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஐயத்தில் காத்திருப்பதைவிட ஐயத்தில் செயல்படுவது மேல். என் கட்சிக்காரர்களாகக் கருவி வாங்கு, கருவி வாங்கு என்று மட்டும் முழங்குவோரிடம் எனக்குள்ள வேறுபாடு இங்கேதான். பயிற்சியில்லாத பள்ளியில் இலட்சம் ரூபாய்க் கருவியும் சுவரில் மாட்டிய நாட்காட்டிபோல் தொங்கும். அதற்காகப் பயிற்சி வரட்டும், கருவி பிறகு பார்க்கலாம் என்பதையும் நான் ஏற்கமாட்டேன். கையால் அழுத்துவது மூளைக்குக் குருதியை அனுப்பிக் காலத்தை நீட்டித் தரும். உதறலை நிறுத்த மின்சாரம்தான் வேண்டும்.

அந்தப் பயிற்சி பெரியவர்களோடு நின்றுவிடக் கூடாது. ஓட்டக்களத்தில் நண்பன் விழுந்தால் முதலில் அவனிடம் சேர்பவர் நீங்கள்தாம். ஆசிரியர் இரண்டாவதாகத்தான் வருவார். 12 வயது முதல் ஆண்டுக்கு இரண்டு மணி நேரம் மாணவர்க்கு இதைக் கற்பிக்கலாம் என்னும் திட்டத்திற்கு உலக சுகாதார அமைப்பு 2015-இல் ஆதரவு தெரிவித்தது. ஆண்டுக்கு இரண்டே மணி நேரம். ஒரு விளையாட்டு விழா ஒத்திகைக்கு இதைவிடக் கூடுதலாகச் செலவிடுகிறோம். நம் நாட்டிலும் இந்திய உயிர்ப்பித்தல் மன்றம், வாயோடு வாய் வைத்து ஊதத் தேவையின்றி நெஞ்சை மட்டும் அழுத்தும் முறையைப் பொதுமக்களுக்காக வகுத்துத் தந்திருக்கிறது. நெஞ்சின் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறுகையை வைத்து, முழங்கையை மடக்காமல், பெரியவர்க்கு ஐந்து முதல் ஆறு செ.மீ. ஆழம், நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை. வேகமாக நடக்கும் குத்துப்பாட்டு ஒன்றின் தாளம் கணக்காக இருக்கும்; எந்தப் பாட்டு என்பதை உங்களிடமே விடுகிறேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பெரியவரின் நெஞ்சை அழுத்தப் போதிய எடை இல்லாமற்போகலாம். ஆனால் அவனால் 108-ஐ அழைக்க முடியும். ஓடிப்போய்ப் பெட்டியை எடுத்துவர முடியும். "இது மூச்சு இல்லை" என்று பெரியவர்களிடம் சொல்ல முடியும். அன்று அதைச் சொல்ல ஒரு பிள்ளை இருந்திருக்கலாம் என்று இன்றும் எண்ணுகிறேன்.

சட்டத்திற்கு அஞ்சி ஒதுங்குவோர் உண்டு. நல்லெண்ணத்துடன் ஒருவரின் நன்மைக்காகச் செய்யும் செயலை நம் குற்றவியல் சட்டம் குற்றமாகக் கொள்வதில்லை. சாலை விபத்தில் உதவுவோர்க்கு மோட்டார் வாகனச் சட்டம் வெளிப்படையாகவே பாதுகாப்பு தருகிறது. பள்ளிக்குள் உதவுவோர்க்கும் அதைப்போல் தெளிவான ஒரு வரி இருந்தால் ஆசிரியர் பலரின் தயக்கம் நீங்கும்.

செலவைப் பற்றி. கருவியொன்று ஏறத்தாழ ஓர் இலட்சம் ரூபாய் அளவில் கிடைக்கிறது. ஒட்டுத்தகடுகளுக்கும் மின்கலத்திற்கும் காலாவதி நாள் உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இது சிறு தொகையன்று. ஆயினும் வகுப்பறைக்கு மின்திரை வாங்கும்போது, நுழைவாயிலில் வளைவு கட்டும்போது இதே தொகை நமக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. இங்கிலாந்தில் 2011-இல் ஆலிவர் கிங் என்னும் 12 வயதுச் சிறுவன் பள்ளி நீச்சல் போட்டியின்போது இதயம் நின்று இறந்தான். அவன் தந்தை பத்தாண்டுகளுக்கு மேல் அரசின் கதவைத் தட்டினார். 2022-இல் எல்லா அரசுப் பள்ளிகளுக்கும் கருவி தருவதாக அரசு அறிவித்து, 20,000-க்கும் மேற்பட்டவற்றை அனுப்பியது. அவ்வளவு வசதி நம்மிடம் இல்லை என்பீர்கள். இருக்கலாம். இதே திருவனந்தபுரத்தில், பூஜப்புரைக்குப் போகும் வழியில் சதல்மோண்டு அரண்மனை இருக்கிறதே, அங்கேதான் ஸ்ரீ சித்திரா மருத்துவ நிறுவனத்தின் கருவியாக்கப் பிரிவு இயங்குகிறது. வெளிநாட்டு இதய வால்வுகளை வாங்க ஏழைகளால் இயலாது என்பதற்காக மருத்துவர் வலியத்தானும் அவர் குழுவினரும் முயன்று, முந்தைய வடிவங்கள் தோற்றபின்னும் விடாமல், நான்காவது வடிவத்தில் வெற்றி கண்டு, 1990 டிசம்பர் 6 அன்று முதல் சித்திரா வால்வை ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்கள். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, மலிவான ஏ.இ.டி. நம்மால் ஆகாது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. முன்னாள் மாணவர் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் பள்ளிக்குத் தருவதற்குச் சுவர்க்கடிகாரத்தையும் நீர்வடிகட்டியையும் தேடுவது வழக்கம். வலியசாலைத் தமிழர் ஒரு முறை இதைத் தந்து பார்க்கலாம்.

வாங்கிய பின் எங்கே வைப்பது என்பதில் நாம் கோட்டை விடுவோம் என்பதே என் பெரிய அச்சம். விலையுயர்ந்த பொருள் என்று தலைமையாசிரியர் அறையின் பீரோவில் வைத்துப் பூட்டுவோம். சாவி எழுத்தரிடம் இருக்கும். எழுத்தர் வங்கிக்குப் போயிருப்பார். இந்தப் பெட்டிக்குப் பூட்டு கூடாது. மதில் ஓரத்து மைதானத்திலிருந்தும் மேல்மாடியிலிருந்தும் ஓடிவந்தால் எட்டும் இடத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி, மழைச்சாரல் படாமல் இருக்க வேண்டும். கருவி ஆயத்தமாக இருப்பதைக் காட்டும் விளக்கு எரிகிறதா என்று நாள்தோறும் பார்க்க ஒரு மாணவர் பொறுப்பேற்கலாம். வகுப்புத் தலைவர் பதவியைவிட இது பொருளுள்ள பதவி என்பேன்.

உங்களுக்கு ஒரு செயல்பாடு. உங்கள் பள்ளியின் மிகத் தொலைவான மூலையைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து அலுவலக வாயிலுக்கு விரைந்து நடந்து சென்று, மீண்டும் அதே மூலைக்குத் திரும்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று நண்பர் ஒருவரைக் கொண்டு கணக்கிடுங்கள். மூன்று நிமிடத்தைத் தாண்டினால் அலுவலகம் பெட்டிக்கு உரிய இடமன்று. வேறு எந்தச் சுவர் பொருந்தும் என்பதைப் பள்ளி வரைபடம் வரைந்து குறியுங்கள். நான் இப்போது பணியாற்றும் பள்ளியில் கைப்பந்துத் தளத்தின் கோடியிலிருந்து நடந்து பார்த்தேன். படியிறங்கும் மாணவர் கூட்டத்தினூடே போய்த் திரும்ப நாலரை நிமிடம் ஆயிற்று. குடிநீர்க் குழாய்களுக்கு எதிரேயுள்ள தூணைக் குறிப்பிட்டு, கருவி வாங்கும்போது அங்கே வைக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மறுமொழி இன்னும் வரவில்லை. அடுத்த பருவத்தில் மீண்டும் எழுதுவேன்.